அறிந்த குறையும் அறிவிக்கும் கடமையும்

பொய் சொல்வது பாவம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மதரஸாவின் பாயில் அமர்ந்த நாள்முதல் நாம் கேட்டு வளர்ந்த பாடம் அது. ஆனால், ஒரு பொய்யும் சொல்லாமல், வாயையே திறவாமல், ஒருவன் மற்றொருவனுக்குத் தீங்கு இழைத்துவிட முடியுமா? முடியுமென்றால், அந்த மௌனத்துக்கு மார்க்கத்தின் தராசிலும் மனச்சான்றின் தராசிலும் என்ன எடை? இவ்வினாவை நாம் பெரிய நூல் எதையும் புரட்டிக்கொண்டிருந்தபோது எதிர்கொள்ளவில்லை. நமது பழைய காரின் சாவித்துளைக்குப் பின்னால், கைக்குள் அடங்கக்கூடிய ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. இவ்வினாவை நம்முன் எழுப்பியது அதுதான்.

கேளம்பாக்கம் உப்போடு பழகிய ஊர். கிழக்கே கோவளம் செல்லும் சாலையில் சற்றுத் தூரம் போனாலே உப்பங்கழி விரிந்து கிடப்பதைக் காணலாம். கடற்காற்று நாள்தோறும் ஊருக்குள் வந்து போகிறது. நம் உடலுக்கு இதமான அக்காற்று இரும்புக்கும் பித்தளைக்கும் இதமானதன்று. சன்னல் கம்பி துருவேறும். மின்கம்பிகளின் முனைகளில் பச்சைக் களிம்பு பூக்கும். இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட நமது காரும் இவ்விதிக்கு விலக்காகவில்லை.

வாசகர்களில் பலர் வண்டி ஓட்டுபவர்களே. எனினும், சாவியைத் திருப்பும்போது உள்ளே என்ன நிகழ்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிலராகவே இருப்பர். நமது காரைப் போன்ற பழைய வண்டிகளில் சாவி நுழையும் பூட்டு வேறு. அதன் பின்புறம் பொருந்தியிருக்கும் மின்சுவிட்சு வேறு. இதனையே இக்னிஷன் சுவிட்சு என்கிறோம். பூட்டு திரும்பினால் இதுவும் கூடவே திரும்பும். முதல் நிலையில் மின்சாரம் அடைபட்டிருக்கும். இரண்டாம் நிலையில் வானொலி போன்ற சில்லறைச் சாதனங்களுக்கு மட்டும் கிட்டும். மூன்றாம் நிலையில் எஞ்சின் ஓடத் தேவையான மின்சாரம் பாயும். நான்காம் நிலை ஸ்டார்ட்டரைச் சுழற்றும். கையை எடுத்ததும் ஒரு சுருள்வில் சாவியை மூன்றாம் நிலைக்கே திருப்பிவிடும். அந்நிலையில் அது நழுவாமல் பிடித்து நிறுத்துவதும் சிறியதொரு வில்லேயாகும். ஆண்டுக்கணக்கில் திருப்பித் திருப்பி உள்ளேயுள்ள பித்தளைத் தகடுகள் தேய்ந்து, தீப்பொறி பட்டுக் கருகி, வில்லும் தளர்ந்துவிட்டால், சாலைப் பள்ளத்தில் வண்டி ஒருமுறை குலுங்குவதே போதும். தொடர்பு அறுந்து எஞ்சின் நின்றுவிடும்.

பழகிப்போன பழுது

நமது கார் முதன்முதலாக இவ்வாறு நின்றபோது நாம் பதறினோம். இரண்டாம் முறை சலித்துக்கொண்டோம். மூன்றாம் முறைக்குள் ஒரு வித்தையைக் கண்டுபிடித்துவிட்டோம்! சாவியை வலப்புறம் சற்றே அழுத்திப் பிடித்து ஓர் அசைப்பு அசைத்தால் முகப்பு விளக்குகள் மீண்டும் மின்னும், எஞ்சின் உயிர்பெறும். அன்றுமுதல் அது பழுதாகவே நமக்குத் தோன்றவில்லை. வண்டியின் குணம் என்றே எண்ணத் தலைப்பட்டோம். வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோச் சாவி அத்தனையும் கோத்த கனத்த கொத்து அந்தத் தளர்ந்த சுவிட்சில் தொங்கி ஆடிக்கொண்டிருந்ததைக்கூட நாம் பொருட்படுத்தவில்லை. இப்படியே எட்டு மாதங்கள் ஓடின.

ஒருநாள் அதிகாலை, பக்கத்து வீட்டு நண்பர் வந்து கதவைத் தட்டினார். அவர் நம் சமயத்தவர் அல்லர்; ஆயினும், நம் வீட்டு நோன்புக் கஞ்சியும் அவர் வீட்டுப் பொங்கலும் மதில் தாண்டிப் போய்வரும் அளவுக்கு நெருங்கியவர். அவருடைய வயது முதிர்ந்த தாயாரைக் கண் சிகிச்சைக்காகத் தாம்பரம் பக்கம் அழைத்துச் செல்ல வேண்டும், மகன் ஓட்டுவான், வண்டி தர இயலுமா என்று கேட்டார். மனமுவந்து சாவியைக் கொடுத்தோம். பெட்ரோல் போதுமான அளவு இருக்கிறது என்று சொன்னோம். பின்கதவைச் சற்று அழுத்திச் சாத்த வேண்டும் என்றும் சொன்னோம். சாவியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கில்லை. அது நம் நினைவுக்கே வரவில்லை என்பதுதான் உண்மை.

வண்டலூர்ச் சாலையில் மாம்பாக்கத்தைத் தாண்டியதும் கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, எஞ்சின் நின்றது. பின்னால் ஒரு லாரி. பையன் பிரேக்கை மிதித்தான். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்குக் கிட்டும் துணைவிசையும் அற்றுப்போகும் என்பதை அவன் அறியான். இரண்டொரு முறை மிதித்ததும் அது கல்லைப்போல் இறுகிவிட்டது. எப்படியோ முழுப்பலத்தோடு மிதித்துச் சாலையோர மண்ணில் வண்டியை இறக்கி நிறுத்தினான். லாரி உரசாமல் கடந்தது. எவருக்கும் காயமில்லை. அல்லாஹ்வின் கிருபை!

அங்கிருந்து பையன் தொலைபேசியில் அழைத்தான். “பாய், வண்டி நின்னுடுச்சு. சாவியை ஏதாவது பண்ணணுமா?” என்று கேட்டான். நாம் அந்த வித்தையைச் சொன்னோம். சொல்லி முடித்ததும் மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. அந்த இடைவெளியில்தான் நமது எட்டு மாத மௌனம் முதன்முதலாக நம் காதில் விழுந்தது.

மறுநாளே பழைய மாமல்லபுரம் சாலையோரம் உள்ள ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுசென்றோம். மெக்கானிக் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினார். ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள மூடியைத் திறந்தார். இணைப்பை உருவி, இரண்டு திருகாணிகளை எடுத்து, பழைய சுவிட்சை நம் உள்ளங்கையில் வைத்தார். தகடுகள் கறுத்துக் குழிவிழுந்திருந்தன. பூட்டை மாற்றத் தேவையில்லை, சுவிட்சை மட்டும் மாற்றினால் பழைய சாவியே போதும் என்றார். கம்பி முனைகளின் களிம்பைச் சுரண்டித் துடைத்தார். புதியதைப் பொருத்தி, எஞ்சினை ஓடவிட்டு, சாவியைப் பலவாறு அசைத்துச் சோதித்தார். ஒரு மணி நேர வேலை. செலவும் சில நூறு ரூபாய்தான். “இது கெட்டு ரொம்ப நாளாச்சு பாய். வண்டி சரியாகல, நீங்க அதுக்குப் பழகிட்டீங்க, அவ்வளவுதான்” என்றார் அவர். சாவிக்கொத்தின் கனத்தையும் குறைக்கச் சொன்னார்.

நாம் அதற்குப் பழகிவிட்டோம்; உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கத்தை நாம் சாவியோடு சேர்த்துக் கொடுக்கவில்லை. சாவியை மட்டும் கொடுத்தோம்.

ஒரே எண், இரண்டு உறுப்புகள்

இதனை ஒரு தனிமனிதனின் மறதி என்று தள்ளிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இதே சிறு உறுப்பு, இதே மௌனத்தால், கடல் கடந்த ஒரு நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட வரலாறு உண்டு.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனது சிறு கார்கள் சிலவற்றில் பொருத்திய இக்னிஷன் சுவிட்சின் வில், நிறுவனமே வகுத்திருந்த அளவுக்கு வலுவுடையதாக இல்லை. இருந்தும் 2002இல் அதற்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. கனத்த சாவிக்கொத்தோ, முழங்கால் இடிப்போ, சாலைக் குலுக்கலோ போதும். சாவி ஓடும் நிலையிலிருந்து நழுவும், எஞ்சின் நின்றுவிடும். அதனினும் கொடிது ஒன்றுண்டு. மின்சாரம் அற்றுப்போவதால், மோதும் வேளையில் உயிர்காக்க விரிய வேண்டிய காற்றுப்பையும் விரியாது. புகார்கள் வந்தன. மாற்றுவதற்கு ஆகும் செலவு, உறுப்பு ஒன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு என்று மதிப்பிடப்பட்டது; அதுவும் இலாபக் கணக்கில் பொருந்தவில்லை என்று கைவிடப்பட்டது. 2005இல் விற்பனையாளர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார்கள்: வாடிக்கையாளர் முறையிட்டால், சாவிக்கொத்திலிருந்து தேவையற்றவற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று. நாம் சாவியை அசைத்தோம். அவர்கள் கொத்தைக் குறைக்கச் சொன்னார்கள். இரண்டும் ஒரே வித்தைதான்.

2006இல் பொறியாளர் ஒருவர் அந்த உறுப்பைத் திருத்த ஒப்புதல் அளித்தார். வில் நீளமாயிற்று, வலுவாயிற்று. ஆனால் உறுப்பின் எண் மாற்றப்படவில்லை. நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே எண். பின்னாளில் விபத்துகளை ஆராய்ந்தவர்கள், முந்திய ஆண்டு வண்டிகள் ஏன் நிற்கின்றன, பிந்திய ஆண்டு வண்டிகள் ஏன் நிற்பதில்லை என்று புரியாமல் திகைத்தார்கள். 2010இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளம்பெண் இத்தகைய காரில் உயிரிழந்தார். அவருடைய பெற்றோர் தொடுத்த வழக்கில் அமர்த்தப்பட்ட நிபுணர் ஒருவர், கடையில் அதே எண்ணுள்ள புதிய சுவிட்சை வாங்கிப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே எண்ணுடைய இரண்டும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது.

2014 பிப்ரவரியில் வண்டிகளைத் திரும்ப அழைக்கும் பணி தொடங்கியது. எண்ணிக்கை 26 லட்சம்வரை உயர்ந்தது. இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை இந்தப் பழுதோடு தொடர்புடையவை என்று ஏற்றது. 2015இல் நிறுவனம் 90 கோடி டாலர் செலுத்த இசைந்தது. ஒரு டாலருக்கும் குறைவானதை மிச்சப்படுத்தப் போய் நேர்ந்த கணக்கு இது.

2014 ஜூனில் வெளியான உள்விசாரணை அறிக்கை அங்கு நிலவிய ஒரு பழக்கத்தைக் குறிப்பிடுகிறது. கூட்டத்தில் அனைவரும் ஆமென்று தலையசைப்பார்கள். வெளியே வந்தபின் எவரும் செய்யமாட்டார்கள். கைகளைக் குறுக்கே கட்டி இருபுறமும் விரல் நீட்டி, இது வேறொருவர் பொறுப்பு என்று காட்டுவதும் உண்டாம். அந்த அறைகளில் இருந்தவர்கள் கொலைகாரர்கள் அல்லர். குழந்தை குட்டியோடு வாழும் சாதாரண மனிதர்களே. ஒவ்வொருவருக்கும் சிறிது தெரியும். அந்தச் சிறிதளவை ஒவ்வொருவரும் தம்மோடு வைத்துக்கொண்டார்கள்.

ஒட்டகத்தின் பாதம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலொன்றினுள் கையை நுழைத்து, அடியில் ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். தானியத்தை நனைத்தவன் வணிகன் அல்லன், மழைதான் நனைத்தது. ஈரம் அவன் குற்றமன்று. ஈரத்தின்மேல் உலர்ந்ததைப் பரப்பி, மக்கள் காணாமற் செய்ததே குற்றம். சுவிட்சு தேய்ந்தது நம் குற்றமன்று என்று நாம் சொல்லலாம். உப்புக்காற்றும் காலமும் செய்த வேலை அது. ஆனால் அந்த வாதம் மழையைக் காட்டிய வணிகனைக் காப்பாற்றவில்லையே!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா’வில் எடுத்துக்காட்டும் மற்றொரு நிகழ்ச்சி நமது வினாவுக்கு இன்னும் நெருக்கமானது. ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஒரு பெண் ஒட்டகத்தை விற்கிறார். அருகில் நின்ற நபித்தோழர் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) சற்றே கவனம் பிசகியிருந்த நேரத்தில் வாங்கியவர் புறப்பட்டுவிடுகிறார். வாஸிலா அவர் பின்னே ஓடுகிறார். இறைச்சிக்காக வாங்கினாயா, சவாரிக்காக வாங்கினாயா என்று கேட்கிறார். சவாரிக்கு என்றதும், அதன் பாதத்தில் ஒரு துளை உண்டு, நான் கண்டிருக்கிறேன், அது தொடர்ந்து நடக்காது என்று அறிவிக்கிறார். வாங்கியவர் திரும்பி வருகிறார். விற்றவர் 100 திர்ஹம் குறைக்க நேர்கிறது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் நொந்துகொள்கிறார். குறையைச் சொல்லாமல் விற்பது விற்பவனுக்கு ஆகுமானதன்று, அதை அறிந்த எவனுக்கும் சொல்லாமல் இருப்பது ஆகுமானதன்று என்று பெருமானார் (ஸல்) அவர்களிடமிருந்து தாம் கேட்டதை வாஸிலா எடுத்துரைக்கிறார்.

அந்த ஒட்டகம் வாஸிலாவுக்குச் சொந்தமானதன்று. அவருக்கு அதில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அறிந்திருந்தார் என்பது ஒன்றே அவரை ஓடவைத்தது. அறிவே ஓர் அமானிதம். உரியவரிடம் அதை ஒப்படைத்தாக வேண்டும் என்பதே அந்த ஓட்டத்தின் பொருள்.

வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது ஆங்கிலேயர் சட்டம் நமக்குத் தந்த கோட்பாடு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் சில விலக்குகளோடு அதன்மேலேயே நிற்கிறது. நமது ஃபிக்ஹு, மறைந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை வாங்கியவனுக்கு அளிக்கிறது. பழுதுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரத்தை நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமே அரசுக்கு வழங்கியது. உலகம் மெல்ல மெல்ல வாஸிலாவின் பின்னே ஓடத் தொடங்கியிருக்கிறது எனலாம்.

எதைச் சொல்வது?

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பே. இருபது ஆண்டு வண்டியில் குறை ஒன்றா இரண்டா? கதவு கிறீச்சிடும், இருக்கை கிழிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒப்பிக்கத் தொடங்கினால் இரவல் கேட்டவர் ஓடிவிடமாட்டாரா? எதைச் சொல்வது, எதை விடுவது?

இதற்கு விடை நமது நண்பரிடமிருந்தே கிடைத்தது. சுவிட்சை மாற்றிய அன்று மாலை நமக்குள் ஒரு சபலம் எழுந்ததை மறைப்பானேன்? வண்டி சரியாகிவிட்டது, இனி நிற்காது, பழங்கதையைக் கிளறுவானேன் என்று தோன்றியது. அப்போதுதான் எண் மாறாத அந்த உறுப்பு நம் நினைவுக்கு வந்தது. திருத்துவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. மௌனமாகத் திருத்துவது பழைய குறையின் தடயத்தை அழிப்பதாகவும் ஆகிவிடக்கூடும். மேலும், அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடைப்பட்ட பிழைக்குத் தவ்பா போதும். அடியார்களின் ஹக்கில் நேர்ந்த பிழையோ, உரியவரிடம் சென்று தீர்க்காமல் தீராது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தமது கடையில் குறையுள்ள துணியொன்று குறை சொல்லப்படாமல் விற்பனையானதை அறிந்து, வாங்கியவர் இன்னார் என்று தெரியாமற்போகவே, கிடைத்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. நமக்கோ உரியவர் மதிலுக்கு அப்பால் இருந்தார்.

சென்றோம், சொன்னோம். எட்டு மாதங்களாகத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அவர் உடனே பேசவில்லை. பின்னர், “முன்னாடியே சொல்லியிருந்தா ஆட்டோ பிடிச்சிருப்போம் பாய்” என்றார். கோபமில்லை, ஆனால் பரவாயில்லை என்றும் அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கட்டாயமும் அவருக்கில்லை.

அந்த ஒரு வாக்கியத்தில் நாம் தேடிய அளவுகோல் இருக்கிறது. கதவு கிறீச்சிடும் என்று சொல்லியிருந்தால் அவர் ஆட்டோ பிடித்திருக்கமாட்டார். வண்டி நடுச்சாலையில் நிற்கும் என்று சொல்லியிருந்தால் பிடித்திருப்பார். எந்தச் செய்தியை அறிந்தால் ஒருவர் தம் முடிவை மாற்றிக்கொள்வாரோ, எது அவர் கண்ணுக்குத் தானாகப் புலப்படாதோ, அதைச் சொல்லியே ஆகவேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதாயின் கேட்கக் காத்திராமல் சொல்ல வேண்டும். வாஸிலா கேட்ட கேள்வியும் இதுவேயன்றோ? இறைச்சிக்கென்றால் பாதத்தின் துளையால் கேடில்லை. சவாரிக்கென்றால் அதுவே எல்லாம்.

கெட்ட எண்ணம் இல்லையே என்ற சமாதானத்தையும் நாம் எடைபோட்டுப் பார்த்தோம். நிய்யத்தைக் கொண்டே செயல் மதிக்கப்படும், உண்மை. ஆயின், நினைவுக்கு வராமற்போனதற்கே ஒரு காரணம் இருந்தது. முதல் மாதத்திலேயே பழுதைப் பழுது என்று அழைத்திருந்தால் அது நினைவில் நின்றிருக்கும். குணம் என்று பெயர் மாற்றிவைத்தோம், ஆகவே மறந்தோம். மறதி மன்னிக்கப்படலாம். அந்த மறதியை வளர்த்த சோம்பலுக்கு நாமே பொறுப்பு.

அன்றாடம் காய்ச்சியான ஓட்டுநர் ஒருவர் கேட்கக்கூடும்: பழுதென்று தெரியும், மாற்றக் காசில்லை, என்ன செய்வது? நியாயமான கேள்வி. சரிசெய்யும் கடமை வசதிக்கு ஏற்ப முன்பின் ஆகலாம். சொல்லும் கடமைக்கு அந்தச் சலுகை குறைவு. ஆனால் சொல்வதற்கும் ஒரு விலையுண்டு என்பதை மறுப்பது நேர்மையாகாது. சவாரி போகலாம்; விலை குறையலாம்; அலுவலகத்தில் தலையசைக்க மறுத்த ஊழியனுக்கு வேலையே போகலாம். உண்மையைச் சொல்பவர் தனித்து நின்று அந்த விலையைச் செலுத்தும்படி விட்டுவிடும் சமூகம், தலையசைப்பவர்களையே பெருக்கும். குறையைச் சொன்னவரிடம் அடுத்தமுறையும் பொருள் வாங்குவதும், எச்சரித்த ஊழியனுக்குத் துணைநிற்பதும் கேட்பவர்களாகிய நம் கடமை.

பழைய சுவிட்சை நாம் எறிந்துவிடவில்லை. மேசையின்மேல், எழுதுகோலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். வண்டிக்கு இனி அதனால் பயனில்லை; நமக்குச் சற்றுப் பயன்படுகிறது. நம் வீட்டில், கடையில், பள்ளிவாசல் நிர்வாகத்தில், பேசி முடிக்கும் சம்பந்தத்தில், நாம் அசைத்து அசைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கும் பழுதுகள் இன்னும் எத்தனை? அவற்றின் சாவியை, வித்தையைச் சொல்லாமல், யார் யார் கையில் கொடுத்திருக்கிறோம்? இன்றிரவு ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போம். விடிந்ததும் மதிலுக்கு அப்பால் சென்று சொல்லவேண்டியது ஏதேனும் இருந்தால், அதைச் சொல்லும் துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.